காட்சிக்கு ஒரு பசு

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால்: ஆண்டவர் ஆறே நாளில் அவசர அவசரமாகப் படைத்துவிட்டு ஓய்வெடுக்கப் போனதில் அரைகுறையாக நின்றுபோன நெதர்கோம்ப் பள்ளத்தாக்கை, அதன் அதிபதியும் மாவட்ட நீதிபதியும் டர்னிப் கிழங்கின் மகத்துவத்தை உலகுக்கு எடுத்துச் சொன்னவருமான சர் ஆம்ப்ரோஸ் குவென்னல் அவர்கள் திருத்தி முடித்துத் தர மனமிரங்கியிருக்கிறார்கள். குன்று தெற்கே நகரும். ஓடை ஏரியாகும். ஊர் கண்ணுக்குத் தெரியாமல் போகும். மனித குலம் நன்றி செலுத்தத் தயாராக இருக்கவும்.

தேவாலயக் கதவில் ஒட்டியிருந்தது இதே வாசகம் அல்ல. ஊர் மேய்ச்சல்வெளியை வேலி போட்டுப் பிரிக்கப் பாராளுமன்றத்துக்கு மனு போகிறது என்பதுதான் அதிலிருந்த சங்கதி. ஆனால் எங்கள் பாதிரியார் அதை வாசித்த தோரணைக்கு மேலே எழுதியதே குறைச்சல். பிரிக்கிற நிலத்தில் அவருக்கும் நல்லதாக ஒரு வயல் வரவிருந்தது.

அந்த மேய்ச்சல்வெளியில் ஹெஸ்டர் பாப்ஜாயின் ஒரே பசு செர்ரி மேய்ந்தது. ஹெஸ்டர் விதவை, இரண்டு பெண் குழந்தைகள். வெண்ணெய் சந்தைக்குப் போகும், கடைந்த பால் பிள்ளைகளுக்கு, மிச்சத் தண்ணீர் பன்றிக்கு. பசு இருக்கும் வரை அவள் குடும்பஸ்திரீ. பசு போனால் ஏழைகள் விடுதியில் பிள்ளைகளை ஒரு பக்கமும் தாயை ஒரு பக்கமும் படுக்க வைப்பார்கள். இதை அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. விடுதியின் புகைபோக்கி அவள் வாசலிலிருந்து தெரியும்.

நிலம் பிரிக்க லண்டனிலிருந்து வந்த கமிஷனர், பியர்க்கடை மாடியில் உட்கார்ந்து ஒவ்வொருவராக விசாரித்தார்.

"உன் மாடு அங்க மேய உரிமை இருக்குன்னு என்னம்மா ஆதாரம்?"

"மாடுதாங்க ஆதாரம். மேயாம இத்தன நாளா சங்கீதம் கேட்டா உயிரோட இருக்கு?"

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். கமிஷனரும் சிரித்தார்; நல்ல மனுஷர். விசாரித்து, உரிமை உண்டு என்றே தீர்ப்பும் சொன்னார். ஆனால் அந்த உரிமை ஹெஸ்டருக்கு உரியதல்ல, அவள் குடியிருக்கும் குடிசைக்கு உரியது. குடிசையோ சர் ஆம்ப்ரோஸுக்கு உரியது. ஆகவே அதற்கு ஈடான நிலத்தை சர் ஆம்ப்ரோஸுக்கே கொடுத்தார்கள். அவரும் பெருந்தன்மையோடு வாங்கிக்கொண்டார். குளிர்காலம் முடியுமுன் மேய்ச்சல்வெளியைச் சுற்றி முள்செடி நட்டாயிற்று. ஹெஸ்டர் பசுவைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு சாலையோரப் புல்லுக்கு அலைந்தாள்.

இதற்கிடையில் திருத்த வேலை மும்முரமாக நடந்தது. லவிபாண்ட் என்று ஒரு நிலக்காட்சி நிபுணர் பட்டுக் காலுறையோடு சேற்றில் இறங்கி, எந்த மரம் எங்கே நின்றிருக்க வேண்டும் என்று ஆண்டவருக்குப் பாடம் எடுத்தார். குன்று நகர்ந்தது. ஏரி நிறைந்தது. மாளிகையின் புல்தரைக்கும் பூங்காவுக்கும் நடுவே ஆழமான பள்ளம் வெட்டினார்கள். ஜன்னலிலிருந்து பார்த்தால் பள்ளம் தெரியாது. மாடு சாப்பாட்டு மேஜை வரைக்கும் மேய்ந்துகொண்டு வரும்போல இருக்கும், ஆனால் வராது. ஏழைகளுக்கும் அதே ஏற்பாடுதான் செய்திருந்தார்கள் என்று சிலர் பேசிக்கொண்டார்கள்.

எல்லாம் முடிந்து ஜன்னலருகே நின்ற லவிபாண்ட் பெருமூச்சு விட்டார்.

"இங்க ஏதோ ஒரு உயிர்ப்பு இல்லீங்களே, சர் ஆம்ப்ரோஸ். தண்ணி ஓரமா ஒரு பசு நிக்கணும்."

"பசுதானே? இங்கிலாந்துலயே என் மாட்டுக்கு ஈடு கிடையாது. பத்து நிறுத்துங்க!"

அதில் பொய்யில்லை. டர்னிப் தின்று வளர்ந்த அவருடைய மாடுகள் நான்கு மூலையில் கால் வைத்த பெட்டிகள்போல இருக்கும். அவற்றில் ஒரு காளையின் ஓவியம் மன்னர் ஜார்ஜின் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தது. மன்னரைவிடக் காளைக்குச் சட்டம் பெரிது. ஒன்றை ஏரிக்கு ஓட்டிப் பார்த்தார்கள். பாதி வழியில் அது உட்கார்ந்துவிட்டது. எழுப்புவதற்கு ஏழெட்டுப் பேர் வேண்டியிருந்தது.

"இது தட்டுல இருந்தா அழகுங்க," என்றார் லவிபாண்ட். "காட்சிக்கு ஆகாது. எலும்பு தெரியணும். முகத்துல ஒரு சோகம் இருக்கணும். அதோ ரோட்ல ஒரு பொம்பள பிடிச்சிட்டுப் போறாளே, அது! அதுதான் பசு!"

அன்று மாலையே காரியஸ்தர் டிட்மார்ஷ் ஹெஸ்டரின் குடிசைக்கு வந்தார். வாடகை கேட்பதற்கல்லாமல் அவர் அந்த வாசலில் நின்றது அதுவே முதல் தடவை.

"ஹெஸ்டர், உனக்கு அதிர்ஷ்டம் அடிச்சிருக்கு. உன் செர்ரி நாளையிலிருந்து பூங்காவுல மேயலாம். எஜமான் உத்தரவு."

"மேய்ச்சலுக்குக் காசு என்னங்க கேக்கிறாரு?"

"ஒண்ணும் வேண்டாம்னுட்டாரு. விடியறதுக்குள்ள கறந்துட்டுப் போயிடணும், அவ்வளவுதான். திரை விலக்குறப்ப அங்க ஆள் தலை தெரியக் கூடாது. லவிபாண்ட் சொல்றாரு, பசு இயற்கையாம், நீ இயற்கையில்லையாம்."

"என் மாமியாரும் அதைத்தான் சொன்னா."

"இன்னொண்ணு. பூங்காவுக்குள்ள எஜமான் முத்திரை இல்லாத மாடு நின்னா காவக்காரன் கொண்டிப்பட்டியில அடைச்சிடுவான். அதனால கொம்புல ஒரு சூடு போடணும். ஏ, க்யூ. எஜமான் பேரோட ரெண்டே எழுத்து."

ஹெஸ்டர் செர்ரியின் கொம்பைத் தடவிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "அப்ப மாடு யாருதுங்க?"

"அட, உன்னுதுதான் பிள்ளே! முத்திரை பேருக்குத்தான். நான் சொல்றேன்ல?"

எங்கள் ஊரில் காரியஸ்தர் வாயால் சொன்னது சட்டம். ஆடு அடைப்பதும் விறகு பொறுக்குவதும் தலைமுறை தலைமுறையாக அப்படித்தான் நடந்து வந்தன. வழக்கத்தை நம்பி மேய்ச்சல்வெளியை இழந்தவளுக்கு இப்போது நம்புவதற்கு ஒரு வாய்ச்சொல் கிடைத்தது. சாலையோரத்தில் புல்லும் தீர்ந்துவிட்டிருந்தது. அவள் தலையாட்டினாள்.

கொல்லர் ஜோப் விண்டில்தான் கொம்பில் சூடு போட்டார். "ஏ ஹெஸ்டர், உன் செர்ரிக்குக் கல்யாணம் ஆயிடுச்சு போ. இனிமே லேடி குவென்னல்!"

"வாய மூடிட்டு இரும்பப் பாரு. லேடின்னாலும் பால் எனக்குத்தான்."

அந்தக் கோடையில் செர்ரி தன் வேலையைப் பிசகில்லாமல் செய்தது. பாத் நகரிலிருந்து வந்த பிரபுக்களும் சீமாட்டிகளும் தேநீர்க் கோப்பையோடு ஜன்னலில் நின்று, ஏரிக்கரையில் விலா எலும்போடு நிற்கும் பசுவைப் பார்த்து, "ஆகா, என்ன எளிமை!" என்று கண் கலங்கினார்கள். ஒரு சீமாட்டி நாலு வரிக் கவிதையே எழுதினாள். ஹெஸ்டரின் பிள்ளைகள் கன்னத்தில் கொஞ்சம் சதை போட்டார்கள்.

பிறகு லேடி டொரதியா ஃபாஸ்பரி வந்தாள். அவளுக்குக் கவிதை வராது.

"ஏன் ஆம்ப்ரோஸ், உங்க எஸ்டேட்ல மாட்டுக்குச் சோறு போடறதில்லையா?"

மேஜையில் யாரோ சிரித்துவிட்டார்கள். விவசாயச் சங்கத்தின் தங்கப் பதக்கம் பெற்ற மனிதர், சட்டையில் குழம்பு கொட்டியவர்போல விழித்தார். மறுநாளே உத்தரவு பறந்தது: கொம்பில் தம் பெயர் தாங்கிய எந்த ஜீவனும் எலும்போடு நிற்கக் கூடாது. செர்ரிக்குக் கிழங்கும் பிண்ணாக்கும் வந்தன.

ஹெஸ்டருக்கு முதலில் சந்தோஷம். பால் கூடிற்று, வெண்ணெய் மஞ்சளாகத் திரண்டது. ஒரு மாதம் போல. அப்புறம் காரியஸ்தர் வழியில் நிறுத்தினார்.

"இனிமே கறக்காதே, ஹெஸ்டர்."

"என்னங்க?"

"கறந்தா சதை பிடிக்காது. எஜமான் சொல்லிட்டாரு."

"எம் மாட்டக் கறக்க வேண்டாம்னு எஜமான் எப்படிச் சொல்லுவாரு?"

டிட்மார்ஷ் ஏரிப் பக்கமாகப் பார்த்துக்கொண்டு நின்றார். காவல்காரன் செர்ரி படுக்கும் பூங்காத் தொழுவத்துக்குப் பூட்டு வாங்கிவிட்டிருந்தான்.

அறுவடைக் காலத்தில் லவிபாண்ட் தம் படைப்பைப் பார்வையிட வந்தார். ஜன்னலில் நின்றவர் முகம் கோணியது. ஏரிக்கரையில் ஒரு பீப்பாய் மேய்ந்துகொண்டிருந்தது.

"யாருங்க என் பசுவக் கெடுத்தது? சோகமே போயிடுச்சே! தயவு செஞ்சு அதை எடுத்துடுங்க. மான் விடலாம். இப்ப எல்லாரும் மான்தான் விடறாங்க."

சர் ஆம்ப்ரோஸ் யோசித்தார். இத்தனை கிழங்கு தின்ற மாட்டை வீணாக்குவது பொருளாதார விரோதம். ஏரித் திறப்பு விருந்தும் நெருங்கிக்கொண்டிருந்தது.

விஷயம் சமையற்கட்டு வழியாக ஹெஸ்டரை எட்டியது. பின்கட்டு முற்றத்துக்கு அவள் ஓடிவந்தபோது, காரியஸ்தர் பந்தலுக்குக் கம்பு எண்ணிக்கொண்டிருந்தார்.

"டிட்மார்ஷ் ஐயா, மாடு என்னுதுன்னு உங்க வாயாலதான சொன்னீங்க? திருப்பிக் குடுத்துடுங்க. உங்க புல்லும் வேண்டாம், கிழங்கும் வேண்டாம். ரோட்லயே மேச்சுக்கறேன்."

"கொம்புல என்ன எழுதியிருக்கு, ஹெஸ்டர்?"

"எனக்குப் படிக்கத் தெரியாது."

"எனக்குத் தெரியுமே."

"பேருக்குத்தான்னு சொன்னீங்களே ஐயா!"

"பேரு அவருதாச்சே." அவர் குரலைத் தாழ்த்தினார். "இத பாரு, நான் கேட்டுப் பார்த்தேன். எனக்கும் குடும்பம் இருக்கு. இந்தக் குளிர்காலம் பூரா சமையற்கட்டுலேருந்து உனக்கு எலும்பு சூப் தரச் சொல்லி எஜமான் உத்தரவு போட்டிருக்காரு. அவருக்கு நல்ல மனசு."

"எதோட எலும்புங்க?"

கம்பு எண்ணிக்கை தவறிவிட்டது. அவர் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

விருந்தன்று ஏரியில் படகுகளும் கரையில் வாத்தியமும் இருந்தன. இந்தப் பள்ளத்தாக்கு இனி சொர்க்கத்துக்கு அடுத்த எஸ்டேட் என்று பாதிரியார் ஆசீர்வதித்தார். ஹெஸ்டர் அன்று காலையே இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு விடுதிக் கதவைத் தட்டியிருந்தாள். சர் ஆம்ப்ரோஸ் எழுந்து, மண்ணையும் மனிதனையும் மாட்டையும் ஒருசேர மேம்படுத்துவதே ஆங்கிலேயக் கனவானின் கடமை என்று முக்கால் மணி நேரம் பேசினார். எல்லாரும் மேஜையைத் தட்டினார்கள். பிறகு வெள்ளி மூடியைத் திறந்து பரிமாறினார்கள்.

கறி கொஞ்சம் முற்றல் என்று பாதிக்கு மேல் தட்டிலேயே வைத்துவிட்டார்கள்.