தாழப் போட்ட பந்து

பிஸ்கட் ஆலைக்காரர்கள் ஹாக்கி மைதானத்தில் புதுக் கிடங்கு கட்டப்போவதை யாரும் கூட்டம் போட்டுச் சொல்லவில்லை. ஒருநாள் காலையில் லாரி வந்து கோல் கம்பத்துக்குப் பக்கத்திலேயே ஜல்லியைக் கொட்டிவிட்டுப் போனது. அத்தோடு பெண்கள் ஹாக்கி அணி கலைந்துவிட்டது.

அந்த அணியின் முன்வரிசையில் ஆடியவளைக் குச்சி என்று கூப்பிடுவார்கள். ஆள் அவ்வளவு ஒல்லி. அவள் ஓடும்போது எது மட்டை, எது ஆள் என்று தெரியாது என்பது ஆலையில் எல்லோரும் சொல்லிச் சலித்த கேலி. ஆலையில் ஹாக்கிக்கும் கால்பந்துக்கும் பயிற்சியாளர் ஒருவர்தான். அவர் அவளைக் கூப்பிட்டு, "ஃபுட்பால்ல சேந்துக்கம்மா. ஆடுறவங்களுக்குத்தான் பகல் ஷிஃப்ட். அப்புறம் உன் இஷ்டம்" என்றார்.

சேருவதில் அவளுக்கு ஒரே ஒரு சங்கடம்தான் இருந்தது. கால்பந்து அணியின் நடு முன்கள ஆட்டக்காரி அவளுடைய அண்ணி.

அண்ணன் பஸ் டிப்போவில் மெக்கானிக். மூன்று பேரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். நாத்தனாருக்கும் அண்ணிக்கும் பெரிய சண்டை எதுவும் வந்ததில்லை. ஈரத் துண்டை நாற்காலியில் போடுவது, பாலைப் பொங்கவிடுவது, கதவைச் சத்தமாகச் சாத்துவது என்று சின்னச் சின்ன உரசல்கள்தான். ஒருவர் சமையலறைக்குள் வந்தால் இன்னொருவருக்கு வெளியே ஏதாவது வேலை வந்துவிடும். அண்ணன் இதையெல்லாம் கண்டுகொள்ளாத மாதிரி இருப்பதில் கைதேர்ந்தவன்.

அண்ணி கட்டுமஸ்தான பெண். பந்து உயரத்தில் வந்தால் சுற்றி எத்தனை பேர் இருந்தாலும் எம்பித் தலையால் இடித்துத் தள்ளிவிடுவாள். வேலியோரம் நிற்கிற கூட்டம் "முட்டு கிடா, முட்டு!" என்று கத்தும். அவளுக்கு அதில் கோபமில்லை, பெருமைதான்.

முதல் வாரம் குச்சி படாத பாடு பட்டாள். ஹாக்கியில் ஆஃப்சைட் கிடையாது. எதிரணிக் கோலுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொள்ளலாம். இங்கே ஓடின போதெல்லாம் கொடி உயர்ந்தது. "உன்னால நடுவருக்குக் கையே கழண்டுடும் போலிருக்கு" என்று அண்ணி சிரித்தாள். அண்ணி தன்னைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்து குச்சி அதுவரை பார்த்ததில்லை.

ஒருநாள் தேநீர் இடைவேளையில், பேக்கிங் மேஜை மேல் கிடந்த உடைந்த பிஸ்கட்டுகளை நகர்த்தி குச்சி காட்டினாள்.

"அண்ணி, நீங்க எப்பவும் பந்து வர்ற இடத்துல நிக்கறீங்க. ஹாக்கில நாங்க நிக்க மாட்டோம். நான் ஓரமா கடைசிக் கோடு வரைக்கும் கொண்டுபோவேன். கோல்கீப்பர் என்னைப் பாத்துட்டு இருப்பா. நீங்க முதல்ல தூரத்துக் கம்பத்துக்கு ஓடுங்க. உங்களைக் காவல் காக்கறவளும் பின்னாடியே வருவா. சட்டுனு திரும்பி கிட்டத்துக் கம்பத்துக்கு வந்துடுங்க. நான் பந்தைப் பின்னால இழுத்து விடறேன்."

அண்ணி ஒரு துண்டு பிஸ்கட்டை எடுத்து வாயில் போட்டாள். "அடிப்பாவி, இதைத்தான் நாங்களும் செய்யப் பாக்கறோம். எங்களுக்கு நேரத்துக்குப் பந்து குடுக்க ஆள் இல்ல."

"நான் குடுக்கறேன்."

"என் காவல்காரியத் தின்னுட்டேன் பாரு" என்று அண்ணி மேஜையைக் காட்டினாள். இருவரும் சிரித்த சிரிப்பில் மேற்பார்வையாளர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அதன் பிறகு அந்த அணிக்கு வேறு முகம் வந்தது. மட்டை இருந்த இடத்தில் கால். மற்றபடி வேலை ஒன்றுதான். ஆளை இழு, இடத்தை உண்டாக்கு, அந்த இடத்துக்குப் பந்து வரும்போது நீ அங்கே இரு. தாழ்வாக வந்ததை அண்ணி காலால் தட்டினாள், உயரத்தில் வந்ததைத் தலையால் இடித்தாள். இரண்டு பேரும் வீட்டுக்கு வந்தும் அதையே பேசினார்கள். "எப்படியோ, வீட்டுல கதவு சத்தம் குறைஞ்சிடுச்சு" என்றான் அண்ணன்.

ஆட்டம் மட்டுமல்ல, ஆட்டத்தைச் சுற்றியிருந்ததும் ஒன்றாகவே இருந்தது. வலிக்கிறது என்று வாய் திறந்தவள் அடுத்த ஆட்டத்தில் பெஞ்சில். ஹாக்கியில் விரல் உடைந்த பெண் அதை மட்டையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு ஆடினாள். இங்கே கணுக்கால் வீங்கினவள் ஷூவுக்குள் காலைத் திணித்துக்கொண்டு ஆடினாள். இரண்டு பேருக்கும் ஒரே கைதட்டல்.

அரையிறுதியில் குச்சி ஓரத்திலிருந்து உயரமாக ஒரு பந்தைத் தூக்கி விட்டாள். கிட்டத்துக் கம்பத்தில் அண்ணி எம்பினாள். கோல்கீப்பரும் கையை முறுக்கிக்கொண்டு எம்பினாள். பந்து வலைக்குள் போனது. கோல்கீப்பரின் முழங்கை அண்ணியின் நெற்றிப்பொட்டில் இறங்கியது. விழுந்தவள் சற்று நேரம் அசையவில்லை. பிறகு எழுந்து, ஜெர்சியில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டுக்கொண்டு, குச்சியிடம் வந்து கேட்டாள்.

"நம்ம கோல் எந்தப் பக்கம்டி?"

பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். கூட்டம் "கிடா, கிடா" என்றது. குச்சிக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் காலை அண்ணி குளியலறையில் வாந்தி எடுத்தாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்றாள். ஆலையில் பெல்ட் மேல் வந்த பாக்கெட்டுகளை எடுக்காமல் பார்த்துக்கொண்டே நின்றாள். அவை அடுத்த மேஜையில் போய்க் குவிந்து கீழே சரிந்தன.

"அண்ணி, டாக்டர்கிட்ட போலாம்."

"ஃபைனல் முடியட்டும்."

"முடியட்டும்னா? அதுக்குள்ள இன்னொரு அடி பட்டா?"

"உங்க அண்ணன்கிட்ட எதையாவது ஊதி வைக்காதே, சொல்லிட்டேன்."

குச்சிக்குப் பயம் வந்ததற்குக் காரணம் இருந்தது. ஹாக்கி அணியில் பின்வரிசையில் ஆடிய ஒரு பெண்ணுக்குப் பந்து நெற்றியில் பட்டது. அவளும் இப்படித்தான் வாந்தி எடுத்தாள், வெளிச்சம் ஆகாது என்றாள். அடுத்த வாரமே ஆடினாள், தோள் இடித்து விழுந்தாள். இப்போது அவளை அவள் அம்மா கையைப் பிடித்துத்தான் தெருவில் கூட்டிப்போகிறாள். எதிரே வந்தால் புன்னகை செய்வாள். யாரென்று தெரிந்து செய்கிறாளா என்று சொல்ல முடியாது.

குச்சி பயிற்சியாளரிடம் போனாள். அவர் பந்துகளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்.

"தலைவலின்னா மாத்திரை இருக்கும்மா. குடுத்திருக்கேன்."

"தலைவலி இல்ல சார். அவங்களுக்கு நேத்து நடந்தது இன்னிக்கு ஞாபகம் இல்ல."

"கோல் போடறது ஞாபகம் இருந்தா போதும்" என்று அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அவ சொல்லட்டும், உக்கார வைக்கறேன். நீ யாரு சொல்ல?" என்றார். நெற்றியில் அடிபட்ட ஹாக்கிப் பெண்ணைப் பற்றி அன்று கேட்டபோதும் அவர் இதையேதான் சொல்லியிருந்தார், இதே குரலில்.

வேறு வழியில்லாமல் அண்ணனிடம் சொன்னாள். அவன் கை கழுவாமல் அப்படியே உள்ளே போய் மனைவியிடம் கேட்டான். கதவுக்கு இந்தப் பக்கம் குச்சிக்கு எல்லாம் கேட்டது.

"எனக்கு ஒண்ணுமில்ல. உங்க தங்கச்சிக்கு என் இடம் வேணும். ஹாக்கில நடுவுல நின்னு கோல் போட்டவ, இங்க எனக்குப் பந்து பொறுக்கிப் போட்டுட்டு இருக்கா. வயித்தெரிச்சல் இருக்காதா?"

அண்ணன் வெளியே வந்தான். தங்கையின் முகத்தைப் பார்க்காமல், "விடு. அவளுக்குத் தெரியாதா அவ உடம்பு" என்றான்.

அண்ணி வேண்டுமென்றே பொய் சொன்னாளா, கலங்கிய மண்டையில் அப்படித்தான் தோன்றியதா என்று குச்சிக்கு விளங்கவில்லை. இறுதி ஆட்டம் வரை இருவரும் பேசிக்கொள்ளவில்லை. சமையலறையில் ஒருவர் நுழைந்தால் மற்றவர் வெளியேறினார்.

ஆட்டத்தன்று குச்சி ஒன்றை மட்டும் முடிவு செய்துகொண்டாள். பந்தைத் தரையை விட்டு எழுப்பப் போவதில்லை. அண்ணி காலால் எத்தனை கோல் வேண்டுமானாலும் போடட்டும். தலைக்கு ஒன்றுகூட வராது.

ஓரமாகக் கொண்டுபோனாள். கடைசிக் கோட்டருகே திரும்பி, புல்லோடு புல்லாகப் பின்னால் இழுத்து விட்டாள். எதிரணி இதை எதிர்பார்த்தே வந்திருந்தது. இரண்டு பேர் காலை நீட்டித் தடுத்தார்கள். மறுபடி தாழ்வாக. மறுபடி தடுத்தார்கள். அண்ணியின் ஓட்டத்தில் ஒரு தடுமாற்றம் இருந்தது. தாழ்வான பந்துக்கு அவள் கால் ஒரு நொடி தாமதமாகவே வந்தது.

"தூக்கிப் போடுடி!" என்று அண்ணி கத்தினாள்.

குச்சி மறுபடியும் தாழ்வாகவே போட்டாள்.

"வேணும்னே பண்றா சார்!" அண்ணி பெஞ்சைப் பார்த்துக் கை நீட்டினாள். கூட்டத்துக்கும் புரிந்துவிட்டது. வேலியோரத்திலிருந்து குச்சியின் மேல் தண்ணீர் பாட்டில் ஒன்று வந்து விழுந்தது. வசவு வந்தது. அவளுடைய உடம்பைப் பற்றி, பிறப்பைப் பற்றி, எல்லாம் வந்தது. ஹாக்கியில் அவள் பெனால்டி தவறவிட்டபோது கேட்ட அதே வார்த்தைகள். அவள் ஜெர்சியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஆடினாள்.

இடைவேளைக்குப் பிறகு கொஞ்ச நேரத்தில் பயிற்சியாளர் அவளை வெளியே கூப்பிட்டுவிட்டார். அவளுக்குப் பதிலாக இறங்கிய பெண்ணுக்குத் திருமணமாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தது. ஆலையில் லேபிள் ஒட்டுகிறவள், யாருக்கும் கெட்டது நினைக்காதவள். கோட்டைத் தாண்டி உள்ளே வந்தவளின் கையைக் குச்சி பிடித்துக்கொண்டாள்.

"உயரமாப் போடாதடி. உன் கால்ல விழறேன்."

அந்தப் பெண் பயந்துபோய்க் கையை உருவிக்கொண்டு ஓடினாள்.

ஆட்டம் முடியும் தறுவாயில் அவளிடம் பந்து வந்தது. சொல்லிக்கொடுத்தபடி தூக்கி விட்டாள். நல்ல பந்து, அதில் குறை சொல்ல முடியாது. அண்ணி தூரத்துக் கம்பத்துக்குப் போகிற மாதிரி போய், சட்டென்று திரும்பி, கிட்டத்துக் கம்பத்தில் எம்பினாள். பந்து நெற்றியில் பட்டு வலையில் விழுந்தது. இந்த முறை யாரும் அவளை இடிக்கவில்லை. இறங்கும்போதே அவள் கால்கள் மடிந்துவிட்டன.

அணி முழுவதும் அவள் மேல் பாய்ந்து கட்டிக்கொண்டது. அடியில் கிடந்தவள் அசையாததை யாரும் கவனிக்கவில்லை. பெஞ்சிலிருந்து ஓடிவந்த குச்சிதான் ஒவ்வொருவராகப் பிடித்து இழுத்தாள். "எழுந்திருங்கடி, எழுந்திருங்கடி!" என்று அவள் கத்தியதையும் கொண்டாட்டம் என்றே நினைத்துக்கொண்டார்கள்.

ஆஸ்பத்திரியில் மண்டையைத் திறந்து கட்டியிருந்த ரத்தத்தை எடுத்தார்கள். "பழைய அடி ஆறவே இல்ல. யாரும் சொல்லலையா?" என்று டாக்டர் கேட்டார். அண்ணன் சுவரைப் பார்த்தான்.

அண்ணி பிழைத்துக்கொண்டாள். வலது கையும் காலும் பேச்சும் போயின. ஆலை வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் கோப்பையை வைத்தார்கள்.

ஒருநாள் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அண்ணன் தங்கையிடம் சொன்னான். "நீ முதல்லயே தூக்கிப் போட்டிருந்தா கோல் விழுந்திருக்கும். ஜெயிச்சாச்சுன்னு அவளை உக்கார வெச்சிருப்பாங்க."

குச்சி அவன் கண்களைப் பார்த்தாள். யார் மேலாவது போடாவிட்டால் அந்தச் சுமையை அவனால் நின்று தாங்க முடியாது. ஆனாலும் அந்த வார்த்தைக்காக அவள் அவனை மன்னிக்கவில்லை. அன்று முதல் அவனுக்குத் தட்டு வைத்தாள், சோறு போட்டாள், பேசவில்லை.

அடுத்த பருவம் தொடங்கியபோது பயிற்சியாளர் பேக்கிங் மேஜைக்கே வந்தார். "நடுவுல ஆட ஆள் இல்லம்மா. நடந்தது நடந்துபோச்சு. வா."

அவள் மாலையில் மைதானத்துக்குப் போனாள், ஆலைச் சீருடையிலேயே. பெண்கள் வட்டமாக நின்று கால்களை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தார்கள். அவள் பயிற்சியாளரைத் தாண்டி நடுவில் போய் நின்றாள்.

"எங்க அண்ணியால இப்ப தண்ணி வேணும்னு கேக்க முடியாது. கையக் காட்டுவாங்க. அரையிறுதில அடிபட்டது இவருக்குத் தெரியும். நான் சொன்னேன். உங்கள்ல யாருக்காவது அடிபட்டா இவர்கிட்ட சொல்லாதீங்க, நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க."

பயிற்சியாளர் விசிலை ஊதினார். "முடிஞ்சுதா? கிளம்பு."

பெண்கள் தரையைப் பார்த்தார்கள். லேபிள் ஒட்டுகிறவள் மட்டும் உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தாள். முடிச்சு இறுகியிருந்தது. அழுதுகொண்டே பல்லால் கடித்து இழுத்தாள். மற்றவர்கள் மறுபடி காலை நீட்டினார்கள்.

அடுத்த வாரமே குச்சியை இரவு ஷிஃப்டுக்கு மாற்றிவிட்டார்கள். ஒருவிதத்தில் அது வசதியாகவே போயிற்று. பகலில் அண்ணன் வேலைக்குப் போனதும் அண்ணியைக் குளிப்பாட்டி, மொட்டையடித்த தலையில் முள்முள்ளாக வளரும் முடியைத் துடைத்துவிடுவாள். பிறகு நடை பழக்குவாள்.

அன்று கட்டிலிலிருந்து வாசல் வரை வந்துவிட்டார்கள். அண்ணியின் இடது கை குச்சியின் தோளை அழுத்தியது. வலது கால் தரையைத் தேய்த்துக்கொண்டே வந்தது.

"இன்னும் கொஞ்சம், அண்ணி. கதவு வரைக்கும்."

அண்ணி நின்றாள். உதடு கோணிக்கொண்டு ஏதோ சொல்ல முயன்றது. குச்சி காதைக் கிட்டே கொண்டுபோனாள்.

"வலி... வலிக்குது."

அண்ணி வலிக்கிறது என்று சொல்லி அவள் கேட்பது இதுவே முதல் தடவை. "சரி, போதும்" என்று சொல்லி, அங்கேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்தாள்.