பொட்டு வைத்த மீட்டர்

கொங்கு நாட்டு மரியாதையை ஊரெல்லாம் மெச்சுவார்கள். மெச்சட்டும். கழுத்தை அறுப்பதாக இருந்தாலும் இங்கே ஒரு 'ங்க' போட்டுத்தான் அறுப்பார்கள். மோகனப்பிரியாவுக்கு அது விளங்கியது சென்னிமலைப் பக்கம் ஒரு சாயப்பட்டறையின் ஏசி அறையில், கையில் இளநீரோடு உட்கார்ந்திருந்தபோது. ஆனால் கதை அங்கே தொடங்கவில்லை. ஒரு பூசையில் தொடங்கியது.

மோகனப்பிரியா பீளமேட்டில் ஒரு பயிற்சி நிலையம் நடத்துகிறாள். பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு பேக்கரிக்கு மேலே இரண்டு அறை, படியேறும்போதே பன் வாசம். ஆலைகளில் வேலை பார்க்கிற டெக்னீஷியன்களுக்கு அழுத்தம், சூடு, நீர்மட்டம் இவற்றையெல்லாம் எப்படி அளப்பது, அளக்கிற மீட்டர் எப்போது பொய் சொல்லும் என்று அடிப்படையிலிருந்து சொல்லித்தருவது தொழில். பம்பு கம்பெனியில் இருந்த நல்ல வேலையை உதறிவிட்டு ஆரம்பித்தது. "சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்துப்போட்டா" என்று மாமியார் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த வாயை அடைக்கவாவது நிலையம் நிலைத்தாக வேண்டும்.

அப்போதுதான் காளிச்சாமி கூப்பிட்டார். சாயப்பட்டறை முதலாளி. அவர் தலையாட்டினால் பங்காளி, மச்சான், சம்பந்தி என்று அக்கம்பக்கத்துப் பட்டறைகள் எல்லாம் வரிசையில் ஆள் அனுப்பும். கழிவுநீருக்குப் புதிதாகத் தொட்டி கட்டியிருந்தார். அதன் அடியில் நீர்மட்டம் காட்டுகிற புது மீட்டர். தொட்டி நிரம்பியது என்று மீட்டர் சொன்னால் பம்பு தானாக நின்றுவிடும். பசங்களுக்கு அதெல்லாம் பழக்கிவிட வேண்டும் என்றார். "படிச்சு முடிக்கிற பசங்கள்ல காண்ட்ராக்ட்டுல இருக்கறவங்கள பர்மனெண்ட் பண்ணிப்போடறேனுங்க" என்றும் எல்லார் முன்னாலும் சொன்னார். நல்ல மனுஷன் என்றுதான் மோகனப்பிரியா நினைத்தாள். நல்ல மனுஷன்தான், அதில் சந்தேகமில்லை.

வகுப்புக்கு முன்னால் பூசை போட வேண்டும் என்றார். ராகுகாலம் கழிந்து, தொட்டியடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி, சூடம் காட்டினார்கள். காளிச்சாமி சந்தனக் கிண்ணத்தோடு மீட்டர் முன்னால் நின்றார். கண்ணாடியில் வைத்தால் நம்பர் மறைந்துவிடும். தேடினார். கண்ணாடிக்குக் கீழே, மீட்டரின் கழுத்தில், துவரம்பருப்பு அளவுக்கு ஒரு சின்னக் குழி இருந்தது.

"அட, இங்க பாருங்க அம்மணி! வெள்ளைக்காரன் பொட்டு வெக்கறதுக்குன்னே ஒரு குழி உட்டு அனுப்பிச்சிருக்கான்!"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் கட்டைவிரலால் சந்தனத்தை அந்தக் குழியில் வைத்து அழுத்தி, மேலே குங்குமமும் வைத்தார். மோகனப்பிரியாவும் சிரித்தாள். அந்த நேரம் பார்த்துப் போட்டோவும் எடுத்தார்கள்.

அந்தக் குழி மீட்டரின் மூக்கு. அது மோகனப்பிரியாவுக்குத் தெரியும். அங்கே நின்றவர்களில் அவளுக்கு மட்டும்தான் தெரியும். முதலாளி அந்தப் பக்கம் போனதும் துடைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அப்புறம் சர்க்கரைப் பொங்கல் வந்தது, பொன்னாடை வந்தது, ஆளாளுக்குப் பேசினார்கள். சந்தனம் வெயிலில் காய்ந்து இறுகிப்போனது.

மறுநாள் பட்டறையிலேயே நடந்த வகுப்பில் அதைத்தான் பாடமாக நடத்தினாள். எண்ணெய் டின்னில் ஒரே ஒரு ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் எண்ணெய் மக்கர் பண்ணும், இன்னொரு ஓட்டை போட்டால்தான் ஒழுங்காக ஊற்றும், இல்லையா என்று கேட்டாள். எல்லோரும் தலையாட்டினார்கள். மீட்டரும் அப்படித்தான். உள்ளே ஒரு மெல்லிய தகடு. ஒரு பக்கம் தொட்டித் தண்ணீர் தள்ளும், மறுபக்கம் வெளிக்காற்று இருக்க வேண்டும். காற்று போய்வர ஒரு சின்ன ஓட்டை. அதை அடைத்தால் உள்ளே மாட்டிக்கொண்ட காற்று வெயிலில் சூடாகி, தகட்டைத் திருப்பித் தள்ளும். தண்ணீர் கழுத்தளவு நின்றாலும் மீட்டர் நெஞ்சளவு என்றுதான் சொல்லும். காலையில் குளிர்ச்சியாக இருக்கும்போது சரியாகக் காட்டும், உச்சி வெயிலில் பொய் சொல்லும். அதனால்தான் இந்தத் தப்பைக் கண்டுபிடிப்பது கஷ்டம் என்றாள். ஓட்டையை எப்படித் துடைப்பது என்றும் ஈரத்துணியும் மெல்லிய பிரஷ்ஷும் வைத்துக் காட்டினாள்.

வகுப்பில் நன்றாகக் கற்றுக்கொண்டவன் டேவிட்சன். பட்டறையில் தொட்டியையும் பம்பையும் பார்த்துக்கொள்கிறவன். ஐடிஐ முடித்து, கல்யாணமாகி, மகள் பிறந்த பிறகும் காண்ட்ராக்ட்டிலேயே கிடக்கிறவன். இந்தப் பயிற்சியைத்தான் மலைபோல் நம்பியிருந்தான். டீ நேரத்தில் அவளிடம் தனியாக வந்தான்.

"மேடம், நம்ம தொட்டி மீட்டர்ல அந்த ஓட்டைலதானுங்க பொட்டு இருக்குது."

"ஆமாங்க. நீங்களே போய்த் தொடைச்சிருங்க."

"நானுங்களா?"

அவன் அப்படிக் கேட்டபோதுதான் மோகனப்பிரியாவுக்கு உறைத்தது. பட்டறையில் சிலுவை போட்டவன் அவன் ஒருவன்தான். சட்டைக்குள் கிடந்தாலும் எல்லோருக்கும் தெரியும். முதலாளி கையால் வைத்த பூசைச் சந்தனத்தை அவன் ஈரத்துணியால் வழித்தெடுப்பதை நாலு பேர் பார்த்தால் நாலு விதமாகப் பேசுவார்கள். பேசாமலும் இருக்கலாம். ஆனால் அதைச் சோதித்துப் பார்க்கிற வசதி காண்ட்ராக்ட்காரனுக்கு இல்லை.

"உங்க சூப்பர்வைசர்கிட்டச் சொல்லுங்க" என்றாள். தப்பித்தாயிற்று.

சூப்பர்வைசர் மனோஜ்குமார் முதலாளிக்குத் தூரத்துச் சொந்தம். வகுப்பின் கடைசி நாள் டேவிட்சன் மறுபடி வந்தான். "முதலாளி வெச்சத ஆரும் தொடக்கூடாதுங்கறாருங்க. அமாவாசைக்குள்ள தானா உதுந்துருமாமா."

மோகனப்பிரியாவுக்கு எரிச்சல் வந்தது, மனோஜ்குமார் மேல் அல்ல, இவன் மேல். தொட்டி அங்கேதான் இருந்தது. அவள் கையில் துணியும் இருந்தது. நடந்துபோய்த் துடைத்துவிட்டு வந்திருந்தால் கதை முடிந்தது. ஆனால் சர்டிபிகேட் கொடுக்கக் காளிச்சாமி வந்துவிட்டார். வாயைத் திறந்தாள்.

"சார், அந்த மீட்டர்ல நீங்க வெச்ச..."

"பாத்தீங்களா அம்மணி, பூசை போட்ட நேரம், அத்தனையும் சுத்தமா ஓடுது! எஞ்சம்பந்திகிட்டயும் உங்களப் பத்திச் சொல்லிப்போட்டேன். அவரும் பசங்கள அனுப்பறாராமா."

சம்பந்தி என்ற சொல் காதில் விழுந்ததும் மிச்சச் சொல்லை மென்று விழுங்கினாள். புறப்படும்போது டேவிட்சனிடம் மட்டும் மெதுவாக, "மத்தியான வெயில்ல தொட்டி மேல ஒரு கண்ணு வெச்சுக்குங்க" என்றாள். தன் பாரத்தை அவன் தலையில் இறக்கிவிட்டு பஸ் ஏறிப் போனாள். அன்றிரவு நன்றாகத்தான் தூங்கினாள்.

டேவிட்சன் கண் வைத்தான். தினமும் உச்சி வெயிலில், சோற்று டப்பாவைத் திறப்பதற்கு முன்னால், இரும்பு ஏணியில் ஏறித் தொட்டியை எட்டிப் பார்ப்பான். தண்ணீர் விளிம்புக்கு வந்திருந்தால் இறங்கிவந்து பம்பைக் கையால் நிறுத்துவான். லட்ச ரூபாய் மீட்டர் பொட்டு வைத்துக்கொண்டு மினுக்கிக்கொண்டிருக்க, ஒரு மனுஷன் மீட்டராக வேலை பார்த்தான். அமாவாசை வந்தது, போனது. சந்தனம் உதிரவில்லை. காளிச்சாமி வீட்டுச் சந்தனம், கலப்படமில்லாதது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டேவிட்சன் லீவு எடுத்தான். மகள் கெசியாவுக்கு ஞானஸ்நானம். கிளம்புமுன் ஷிப்ட் ஆளிடம் தொட்டியை எட்டிப் பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் போனான். அந்த ஆள், "மீட்டர் இருக்கறப்ப எதுக்கு ஏணி?" என்று நிழலில் உட்கார்ந்துகொண்டான். அவனைக் குற்றம் சொல்லவும் முடியாது. மீட்டர் இன்னும் இடமிருக்கிறது என்றுதான் காட்டியது. பம்பு ஓடியது. ஊதா நிறத்துச் சாயத்தண்ணீர் தொட்டி விளிம்பைத் தாண்டி, வேலியைத் தாண்டி, பக்கத்துக் காட்டு மஞ்சள் பாத்திகளில் பாய்ந்து, கிணற்றிலும் இறங்கியது.

காடு பாவாத்தாளுடையது. புருஷன் போன பிறகு ஒற்றை ஆளாக வெள்ளாமை செய்கிறவள். அவள் கூச்சல் போடவில்லை. கிணற்றிலிருந்து ஒரு குடம் சேந்திக் கொண்டுவந்து பட்டறை கேட்டுக்கு முன்னால் வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். வந்தவர்கள் எல்லாம் குடத்துக்குள் எட்டிப் பார்த்தார்கள். அதிகாரிகளும் வந்து பார்த்து, மீட்டரின் ஓட்டை அடைத்திருப்பதைக் கண்டுபிடித்தார்கள். ஆபீஸ் அறையை மட்டும் விட்டு, பட்டறையைப் பூட்டிவிட்டுப் போனார்கள்.

இப்படித்தான் மோகனப்பிரியா அந்த ஏசி அறைக்கு வந்து சேர்ந்தாள். காளிச்சாமி மேசைக்குப் பின்னால். மனோஜ்குமார் சுவரோரம். டேவிட்சன் கதவோரம், செருப்பை வெளியே விட்டுவிட்டு நின்றான். காளிச்சாமியின் தலைக்கு மேலே அந்தப் பூசைப் போட்டோவை பிரேம் போட்டு மாட்டியிருந்தார்கள். அவர் கட்டைவிரல் மீட்டரின் கழுத்தில். பக்கத்தில் பல்லெல்லாம் தெரிய மோகனப்பிரியா.

"எளநி குடிங்க அம்மணி" என்றார். குரலில் கோபமே இல்லை. "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. அந்த ஓட்டைய அடைக்கக் கூடாதுன்னு நீங்க சொல்லிக் குடுத்தீங்களா, இல்லீங்களா?"

சொல்லித்தரவில்லை என்றால் நிலையத்துக்கு மூடுவிழா. சொல்லித்தந்தேன் என்றால் டேவிட்சன் தலை உருளும். மூன்றாவதாக ஒரு பதிலும் இருந்தது. அது அவர் தலைக்கு மேலேயே பிரேமுக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. அறையில் இருந்த நாலு பேரும் அதைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்கள்.

"சொல்லிக் குடுத்தேனுங்க" என்றாள். ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லை.

காளிச்சாமி டேவிட்சன் பக்கம் திரும்பினார். "தெரிஞ்சும் ஏன் தொடைக்கல கண்ணு?"

"சாமிக்கு வெச்ச பொட்டுங்க. நான் தொடைச்சா நல்லா இருக்காதுன்னு..."

"அடடா! என்ன பேச்சுப் பேசறே? நாங்க என்னிக்காச்சும் உன்னைய வேத்து ஆளாப் பாத்திருக்கறமா? உங்க கிறிஸ்மஸ் கேக்க நான் திங்கறதில்லையா?"

அவர் கண் கலங்கியது. நடிப்பில்லை, நிஜமாகவே மனசு புண்பட்டுவிட்டது. அதுதான் கொடுமை. டேவிட்சன் தலையைக் குனிந்துகொண்டான். தொடைக்கலாமா என்று அவன் கேட்டதும், தொடக்கூடாது என்று தான் சொன்னதும் மனோஜ்குமாருக்கு மறந்தேபோயிருந்தது. சூப்பர்வைசரிடம் போகச் சொன்னதே தான்தான் என்று மோகனப்பிரியாவும் வாய் திறக்கவில்லை. இளநீரை உறிஞ்சினாள். உப்புக் கரித்தது.

"பொறுப்பில்லாத ஆள வெச்சுட்டு நானும் என்ன பண்றது? நாளையிலிருந்து நீ வர வேண்டாங்கண்ணு. கணக்க முடிச்சு வாங்கிக்க. புள்ளைக்கு உடுப்பு எடுக்க ஏதாச்சும் சேத்துக் குடுக்கச் சொல்றேன்."

"செரிங்க" என்றான் டேவிட்சன்.

கேட்டருகே மோகனப்பிரியா அவனை நிறுத்தினாள். பாவாத்தாள் வைத்த குடம் இன்னும் அங்கேயே இருந்தது. "வேற எடத்துல சொல்றேன் டேவிட்சன். எனக்குத் தெரிஞ்ச கம்பெனி நெறைய இருக்குதுங்க" என்றாள். சொல்லும்போதே தன் குரல் தனக்கே பிடிக்கவில்லை.

அவனுக்குக் கோபம் வந்ததாகத் தெரியவில்லை. வந்திருந்தால் தேவலை. "நீங்க நடத்துன பாடம் அத்தனையும் செரிதானுங்க மேடம். எப்படித் தொடைக்கறதுங்கற வரைக்கும் செஞ்சு காட்டுனீங்க. ஆரு தொடைக்கறதுன்னு மட்டும் உட்டுப்போட்டீங்க. வாரேனுங்க" என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தான்.

பட்டறையைத் திறப்பதற்கு அதிக நாள் ஆகவில்லை. பாவாத்தாளின் கிணறு மட்டும் இன்னும் தெளியவில்லை. அடுத்த பேட்ச்சுக்குக் காளிச்சாமி கூப்பிட்டார். "இந்தத் தடவ நல்ல பொறுப்பான பசங்களா, நமக்குத் தெரிஞ்ச பக்கமாப் பாத்து எடுத்திருக்கறனுங்க" என்றார். வேற்று ஆளாகப் பார்க்காதவர்தான் சொன்னார். சம்பந்தி பட்டறையிலிருந்தும் ஆள் வந்திருந்தார்கள்.

தொட்டிக்குப் புது மீட்டர் மாட்டியிருந்தார்கள். எலுமிச்சம்பழம், சூடம், எல்லாம் முறைப்படி நடந்தது. காளிச்சாமி சந்தனக் கிண்ணத்தை அவளிடம் நீட்டினார்.

"நீங்களே வெச்சுருங்க அம்மணி. எங்க வெக்கலாம், எங்க வெக்கக் கூடாதுன்னு உங்களுக்குத்தானுங்களே தெரியும்."

மோகனப்பிரியா சந்தனத்தைத் தொட்டு, அந்தக் குழிக்கு ஒரு விரற்கடை தள்ளி, பொட்டு வைத்தாள். யாருக்கும் மனம் நோகவில்லை. சாமி கோபித்துக்கொள்ளவில்லை. "இப்படித் தள்ளி வெச்சாப் போதுமுங்களா?" என்று காளிச்சாமியே ஆச்சரியப்பட்டார். "முன்னயே சொல்லியிருந்தா அன்னிக்கே தள்ளி வெச்சிருப்பனே அம்மணி!"

அவர் வைத்திருப்பார். போட்டோக்காரர் எல்லோரையும் சிரிக்கச் சொன்னார். மோகனப்பிரியா சிரித்தாள்.