கணக்கில் பிறந்த ஆறு பேர்

அலுவலகத்தில் அவளை மீனக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஏரி மீன்களை எண்ணும் ஆராய்ச்சியிலிருந்து வந்தவள். இப்போது எண்ணுவது வெள்ளத்தில் இறந்தவர்களை.

கணக்கு ஒன்றுதான். ஏரியில் முதல் நாள் பன்னிரண்டு மீன் பிடித்து, துடுப்பின் ஓரத்தைச் சிறிது வெட்டித் திரும்ப விட்டுவிட வேண்டும். மறுநாள் வலையில் ஆறு விழுந்து, அதில் மூன்றுக்கு வெட்டு இருந்தால், நேற்றுப் பிடித்தது ஏரியில் பாதி. ஆகவே மொத்தம் இருபத்து நான்கு. மீனுக்கு வந்த இந்தக் கணக்கு வௌவாலுக்குப் போனது, காசநோய்க்காரர்களுக்குப் போனது, நடைபாதையில் தூங்குகிறவர்களுக்கும் போனது. யாரைப் பார்த்தும் முகம் சுளிக்காத கணக்கு. செத்தவர்களைப் பார்த்து மட்டும் சுளிக்குமா என்ன?

பாலத்தை ஒட்டிய தெருவுக்கு இரண்டு பட்டியல்கள் வந்தன. ஒன்று, ஆற்றிலிருந்து எடுத்த பன்னிரண்டு உடல்கள். முகம் தெரியாமல் ஊதிப்போயிருந்ததால் குறிப்பெடுத்துக்கொண்டு எண் போட்டுப் புதைத்துவிட்டார்கள். இன்னொன்று, காணவில்லை என்று உறவினர்கள் எழுதிக்கொடுத்த ஆறு படிவங்கள். பெயர் இருக்கும் மேல்பகுதியைக் கிழித்துவிட்டுத்தான் படிவம் மேசைக்கு வரும். இரண்டு பேர் தனித்தனியே பொருத்திப் பார்ப்பார்கள். ஒருவருக்குச் சந்தேகம் வந்தால் தீர்ப்பு மீனக்காவுடையது.

சந்தேகம் வந்தது ஒன்பதாம் உடலுக்கும் நான்காம் படிவத்துக்கும். வயது ஒத்துப்போனது, உயரம் ஒத்துப்போனது. உடலின் குறிப்பில் இடது காது மடலின் நுனி இல்லை, பழைய தழும்பு என்று இருந்தது. படிவத்தில் அடையாளம் என்ற இடத்தில் ‘எதுவும் இல்லை’. எப்போதும் இஸ்திரி கலையாத சட்டையோடு வருவதால் மாப்பிள்ளை என்று பெயர் வாங்கிய சக ஊழியர் கேள்விக்குறி போட்டு அவளிடம் நீட்டினார்.

படிவத்தில் இருந்தது அவளுடைய அம்மாவின் கையெழுத்து. கோணல்மாணலான அந்த எழுத்தை எந்தக் கூட்டத்திலும் அவள் கண்டுபிடித்துவிடுவாள். காது யாருடையது என்றும் அவளுக்குத் தெரியும். தம்பிக்குச் சின்ன வயதில் தகரம் கிழித்த காது என்று வீட்டில் சொல்லிக்கொள்வார்கள்.

அவள் பெருக்கல் குறி போட்டாள். பொருந்தவில்லை. அது பொருந்தாதவரை தம்பி எங்கேயோ இருக்கிறான், அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

பொருந்தியது மூன்று, மொத்தம் இருபத்து நான்கு, இன்னும் பன்னிரண்டு பேர் தண்ணீருக்குள் என்று, ஆற்றில் மூழ்கி உடல் தேடுகிறவர்களுக்குக் கடிதம் போனது. அன்று மாலை பேருந்துச் சீட்டின் பின்பக்கம் அவள் இன்னொரு கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஆறில் நான்கு பொருந்தியிருந்தால் மொத்தம் பதினெட்டுதான். தம்பி ஒருவனைச் சாக விடாததால், பிறக்கவே பிறக்காத ஆறு பேரைச் சாகடித்திருக்கிறாள்.

மறுநாளிலிருந்து அவர்கள் வர ஆரம்பித்தார்கள். அலுவலக நடையில் போட்டிருந்த பெஞ்சில், பட்டப்பகலில், சட்டை சொட்டச் சொட்ட ஆறு பேர். எல்லோருக்கும் தம்பியின் தோள். எல்லோரும் இடது காதைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். கழிப்பறைக்குப் போகவும் அவள் பயந்தாள்.

மூன்று வாரம் கழித்து முக்குளிப்பவர்களின் தலைவர் வந்தார். சண்டைக்கு வரவில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

“பன்னெண்டு பேர்னு எழுதியிருந்தீங்கக்கா. ஆறு பேர் கெடச்சாங்க. மிச்ச ஆறு பேருக்காகச் சேத்தைத் தடவித் தடவி விரல் நகமே போச்சு. நேத்து என் கூட்டாளி கால் இடிஞ்ச சுவர்ல மாட்டிக்கிச்சு. இழுத்துப் போட்டப்ப மூச்சே இல்ல. இப்ப ஆஸ்பத்திரியில கெடக்கான்.”

அவர் அந்தக் கடிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“கணக்கு சரின்னா சொல்லுங்க. மத்தியானம் மறுபடி எறங்கறோம்.”

கணக்கு என்றால் ஒன்றிரண்டு முன்னே பின்னே இருக்கும் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அவர் தோளுக்குப் பின்னால் கதவு திறந்திருந்தது. பெஞ்சில் அந்த ஆறு பேரும் ஏழாவதாக ஒருவனுக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்திருந்தார்கள்.

நான்காம் படிவத்தை எடுத்து, பெருக்கல் குறியை அடித்துவிட்டு, ‘பொருந்துகிறது’ என்று எழுதினாள்.

மாப்பிள்ளை எட்டிப் பார்த்தார். “அடையாளம் ஒத்துப்போகலையேக்கா.”

“ஒத்துப்போகுது. படிவம் எழுதினவங்க விட்டுட்டாங்க.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“என் தம்பி.”

மீனக்கா தலைவரிடம் திரும்பினாள். “எறங்காதீங்கண்ணே. கீழ யாரும் இல்ல. தப்பு என்னோடது, எழுதியே குடுக்கறேன்.”

அவர் போன பிறகு நடைக்கு வந்தாள். பெஞ்ச் காய்ந்து கிடந்தது. ஆறு பேரும் போய்விட்டார்கள், அவர்களோடு அவன் தோளும் போய்விட்டது. கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். பிறகு அம்மாவுக்குப் போன் போட்டாள்.

“என்னடி, ஏதாவது தெரிஞ்சுதா?” தினமும் கேட்கிற கேள்விதான்.

“தம்பி பட்டியல்ல இருக்கான்மா. ஒன்பதாவது.”

அம்மா சண்டைக்கு வருகிற குரலில் கேட்டாள், “அது எப்படி அவனா இருக்கும்? பொருந்தக் கூடாதுன்னுதானே காதைப் பத்தி நான் எழுதவே இல்ல. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

“தகரம் கிழிக்கலம்மா,” என்றாள் அவள். “முடி வெட்டி விடறேன்னு உக்கார வெச்சு, நான்தான் வெட்டிட்டேன். அவன் கடைசி வரைக்கும் காட்டிக் குடுக்கல.”