கழிவு நூல்

மீட்டர் பெட்டிக்குக் கீழே சிட்டுக்குருவிக் குஞ்சு ஒன்று தலைகீழாகத் தொங்குவதைப் பார்த்ததும் மாரீஸ்வரி கிட்டே ஓடினாள். காலில் சிக்கியிருந்தது பச்சை நூல். அவள் வேலை பார்க்கும் தறிக்கூடத்து நூலேதான்.

ஸ்டூலைப் போட்டு ஏறி, நூலை நறுக்கிக் குஞ்சை இறக்கினாள். உயிர் இல்லை. பெட்டிக்குள் இருந்த கூட்டில் இன்னும் இரண்டு வாயைப் பிளந்து கத்திக்கொண்டிருந்தன. அவற்றின் காலைச் சுற்றியிருந்த இழைகளையும் மெதுவாக உருவி எடுத்தாள். கேபிள் ஒயரில் உட்கார்ந்து தாய்க்குருவி போட்ட கூச்சல், அவளைத் திட்டுவது போலவே இருந்தது. திட்டட்டுமே! திட்டு வாங்குகிற வேலைதான் செய்திருந்தாள்.

அருப்புக்கோட்டைக்கு வெளியே, கரிசல் காட்டை மனை போட்ட நகரில் அவர்கள் வீடு. மனைக்கல் நட்ட அன்றைக்கே கொண்டலாத்தியும் தவிட்டுக்குருவியும் இடத்தைக் காலி பண்ணிவிட்டன. மிஞ்சியது இந்தச் சிட்டுகள்தான். தை மாதம் தெருவிலிருந்து வீட்டுப்படி வரைக்கும் பேவர் பிளாக் கல் பதித்தார்கள். புல் போச்சு, புழு போச்சு. கூடு கட்ட ஒரு துரும்பு கிடைக்காமல் குருவிகள் அலைவதைப் பார்த்துப் பாவப்பட்டு, தறியில் கழிந்த நூலை அள்ளிவந்து சுவர்மேல் வைத்தவள் இவள். நாளெல்லாம் நூலோடு மாரடிக்கிறவளுக்கு வேறென்ன தோன்றும்?

செத்த குஞ்சைப் புதைக்கக் கைப்பிடி மண் கிடைக்கவில்லை. என்ன இழவுக்கு இங்கே வீடு கட்டினோம் என்று ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. மாடிப்படிக்கு அடியில் கிடந்த கடப்பாரையை எடுத்துவந்து கல் இடுக்கில் விட்டு நெம்பினாள். இரண்டு கல் பெயர்ந்ததும் கரிசல் தெரிந்தது. குஞ்சை வைத்து மூடிவிட்டு, மூன்றாவது கல்லுக்குப் போனாள்.

சத்தம் கேட்டு எதிர்வீட்டுப் பூமிநாதன் ஓடிவந்தார். நகர் சங்கச் செயலாளர்.

"ஏம்மா, கிறுக்குப் பிடிச்சிருச்சா? எல்லாரையும் கேட்டுத்தான போட்டோம்?"

"என்னையக் கேட்டீகளா அண்ணாச்சி?"

"ஒங்க வீட்டுக்காரரு சரின்னு தலைய ஆட்டுனாருல்ல?"

"அவுக தல, அவுக ஆட்டிக்கிடட்டும். உள்ள ரெண்டு குஞ்சு வாயத் தெறந்துக்கிட்டு கெடக்கு. கல்லுலயா புழு வரும்?"

"ஒரு குருவிக்காக வாசல நாசம் பண்ணுவியா? நாளைக்கே ஆளு விட்டுத் திரும்பப் பதிச்சிருவேன், பாத்துக்க."

"பதிங்க. வேலைக்குப் போயிட்டு வந்து திரும்பப் பேத்துருவேன்."

தெருவில் இரண்டு மூன்று கதவுகள் திறந்தன. பூமிநாதன் அசையாமல் நின்றார். மாரீஸ்வரி முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு, அவர் செருப்புக்குப் பக்கத்து இடுக்கில் கடப்பாரை முனையை வைத்தாள்.

"காலை எடுங்க அண்ணாச்சி. நீங்க நிக்கிற கல்லும் எங்க எடத்துலதான் இருக்கு."