விவசாயத்துக்கான இடம்

மத்திய வங்கியின் இயக்குநர் குழுவில் விவசாயத்துக்கென்று ஓர் இடம் காலியாக இருப்பதை ஜெயபாரதியிடம் சொன்னவர் சந்தானகிருஷ்ணன்தான். குடவாசல் பக்கத்தில் அவர் குடும்பத்துக்கு ஒருகாலத்தில் நிலம் இருந்தது. இப்போது சென்னையில் பெரிய ஆடிட்டர். ஜெயபாரதி குடவாசல் பக்கத்திலேயே ஆறு ஏக்கர் சாகுபடி செய்பவள். ஊர் விவசாயிகள் சங்கத்தின் செயலாளர்.

“தொழிலுக்கு, வியாபாரத்துக்கெல்லாம் ஆள் இருக்காங்க. வயல்ல இறங்கினவங்க ஒருத்தர்கூட இல்ல. உங்க பேரை நான் சிபாரிசு பண்றேன். இங்க நடக்கறதை ஒளிக்காம எழுதிக் குடுங்க” என்றார்.

இரண்டு மாதம் உட்கார்ந்து நாற்பது பக்கம் எழுதி அவரிடம் கொடுத்தாள். நடவுக்குப் பணம் எப்போது தேவை, கொள்முதல் நிலையத்தில் நெல் எத்தனை நாள் மழையில் கிடக்கிறது, எல்லாம். ஒளிக்காமல் எழுதச் சொன்னாரே என்று குத்தகைக்காரர்களைப் பற்றியும் எழுதினாள். பலரிடம் குத்தகைப் பத்திரம் கிடையாது, எல்லாம் வாய்ப்பேச்சுதான். நிலக்காரர் பேரில் உள்ள நில ஆவணமான சிட்டாவைக் காட்டித்தான் பயிர்க்கடன் வாங்குகிறார்கள். பத்திரம் இல்லாமலே அவர்களுக்குக் கடன் கிடைக்க வழி செய்ய வேண்டும் என்று முடித்திருந்தாள்.

தையில் புதிய இயக்குநர்களின் பட்டியல் வந்தது. விவசாயத்துக்கு நேரே சந்தானகிருஷ்ணன் பெயர் இருந்தது.

போன் செய்தாள்.

“உங்க பேரை ஏத்துக்கிட்டிருக்க மாட்டாங்க, ஜெயபாரதி. நான் போனா என்ன? பேசப்போறது உங்க விஷயம்தானே?”

“என் பேரை அனுப்பவே இல்லையா, சார்?”

கூட்டம் இருக்கிறது என்று சொல்லி அவர் போனை வைத்துவிட்டார்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். ஆனியில் ஒரு பத்திரிகையில் அவர் பேட்டி வந்தது. டெல்டாவில் அடுத்தவர் சிட்டாவைக் காட்டிக் கடன் வாங்குவது பரவலாக நடக்கிறது, அதை நிறுத்த வேண்டும் என்று முதல் கூட்டத்திலேயே வலியுறுத்தினாராம். வாக்கியம் அவள் எழுதியது. வழி செய்ய வேண்டும் என்ற வரியை மட்டும் காணவில்லை.

ஆடியில் சம்பாவுக்குக் கடன் கேட்டுப் போன குத்தகைக்காரர் அமிர்தலிங்கத்தை, குத்தகைப் பத்திரம் கொண்டுவரச் சொல்லி வங்கியில் திருப்பி அனுப்பினார்கள். அவரோடு இன்னும் பதினோரு பேரை.

சங்கக் கூட்டத்தில் ஒரே கூச்சல். “சென்னையில இருக்கற ஆளுக்கு நம்ம கதை எப்படித் தெரியும்? எவன் சொன்னான்?” என்று கேட்டார்கள். வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஜெயபாரதி எழுந்தாள்.

“நான்தான் எழுதிக் குடுத்தேன். நமக்காகப் பேசுவாருன்னு நம்பிக் குடுத்தேன்.”

அமிர்தலிங்கம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“எங்களை ஒரு வார்த்தை கேட்டியா, தங்கச்சி?”

அவள் கேட்டிருக்கவில்லை. அவர் வெளியே போனார். பின்னாலேயே மற்றவர்களும் போனார்கள்.

மறுநாள் காலை அவர் வீட்டுக்குப் போனாள். அவர் மனைவி அம்சம் வாசலில் நின்றிருந்தாள். வா என்று சொல்லவில்லை.

“நிலக்காரர்கிட்ட நானும் வரேன், அண்ணி. பத்திரம் எழுதிக் கேட்போம்” என்றாள் ஜெயபாரதி.

“பத்திரம் கேட்டா நிலத்தையே புடுங்கிக்குவாரு” என்று சொல்லிவிட்டு அம்சம் உள்ளே போனாள்.