மாவுக்கட்டுக்கு ஒரு மரியாதை

எட்டு மணிக்கே கிழவர் கிளம்பித் தயாராக உட்கார்ந்துவிட்டார். தொடையிலிருந்து கணுக்கால் வரை மாவுக்கட்டுப் போட்ட கால், ஸ்டூலின்மேல் உலக்கை மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. ஆறு வாரத்தில் பிரிக்கவேண்டிய கட்டு. இது ஒன்பதாவது வாரம். பின்னல் ஊசியை உள்ளே விட்டுச் சொறிந்துகொண்டிருந்தார்.

"மாமா, ஊசியை எடுங்க. புண்ணாகிடும்."

"உனக்கென்னம்மா, அரிக்கிறது எனக்கு. உள்ள ஒரு எறும்புப் புத்தே இருக்கு."

மருமகள் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுபவள். அரை நாள் லீவு கேட்டதற்கே மேற்பார்வையாளர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். இன்று பன்னிரண்டு மணிக்குள் ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் கட்டுப் பிரிக்கும் டாக்டர் ஒரு மாத லீவில் போய்விடுவார். மூன்று மாடி, லிஃப்ட் கிடையாது. காலை மடக்க முடியாது என்றதுமே வாடகைக் கார்க்காரர்கள் கழன்றுகொண்டார்கள்.

கட்டுப் போட்ட அன்று அவள் புருஷன் விடுப்பில் இருந்தான். அப்பாவை இரண்டு கையிலும் ஏந்தி மூன்று மாடி ஏறிப் படுக்கவைத்தவன், மறுநாளே பட்டாளத்துக்குத் திரும்பிவிட்டான். அவள்தான் படைவீரர் குடும்ப நலச் சங்கத்துக்கு எழுதினாள்: இரண்டு ஆள், ஒரு வேன், ஒரே ஒரு தடவை. சங்கத்திலிருந்து போனும் வந்தது. "வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வண்டியோட வர்றோம். பெரியவரை ரெடியா வைங்க."

பத்தரைக்கு ஆறு பேர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்கள். தலைவர், இரண்டு பேரிடம் பேசினாலும் இரண்டாயிரம் பேருக்குக் கேட்கிறமாதிரி பேசுகிறவர்.

"வீரனைப் பெற்ற தந்தைக்கு எங்கள் நன்றி!"

"உக்காருங்க," என்றார் கிழவர். "நான் எந்திரிக்க முடியாது."

தலைவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். "இங்க வெளிச்சம் பத்தாதே. பேனர் வேற பன்னெண்டு அடி. கீழ போயிடலாமா?"

அவளுக்கு வயிற்றில் பால் வார்த்தமாதிரி இருந்தது. "போலாங்க, தாராளமா!"

வேனிலிருந்து சிவப்பு ரிப்பன் கட்டிய நாற்காலி மேலே வந்தது. நான்கு பேர் தூக்க, ஒருவன் காலைப் பிடித்துக்கொண்டான்.

"மெதுவாப்பா, சுவத்துல இடிக்குது!"

"முப்பது வருசம் கிரேன் ஓட்டினேன்," என்றார் கிழவர் அந்தரத்தில் ஆடிக்கொண்டே. "நான் தூக்கின சரக்கெல்லாம் இப்ப பார்த்தா சிரிக்கும்."

அவள் எக்ஸ்ரே, ஃபைல் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு, கதவைப் பூட்டி இறங்குவதற்குள் போட்டோ முடிந்திருந்தது. பேனருக்குக் கீழே கிழவர் பூங்கொத்தோடு உட்கார்ந்திருந்தார். மணி பதினொன்று. அவள் வேன் கதவைத் திறந்தாள். உள்ளே பரிசுப் பெட்டிகள் கூரைவரை.

"ஐயா, இதையெல்லாம் கொஞ்சம் நகர்த்தினா மாமாவைப் படுக்க வச்சிடலாம்."

"எங்கம்மா?"

"ஆஸ்பத்திரிக்குத்தான். லெட்டர்ல எழுதியிருந்தேனே."

தலைவர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் நோட்டைப் புரட்டினார். "வந்துச்சு தலைவரே. அதைப் பார்த்துத்தானே இவங்களை மரியாதை லிஸ்ட்ல சேர்த்தோம்."

"அதான் பண்ணியாச்சேம்மா," என்றார் தலைவர். "இன்னும் ஒன்பது வீடு இருக்கு. வண்டி வேணும்னா தனியா மனு குடுங்க. அடுத்த கூட்டத்துல வச்சுப் பேசலாம்."

"மனுதாங்க அது! நான் பூவா கேட்டேன்?"

"சத்தம் போடாதீங்கம்மா. உங்க வீட்டுக்காரர் நாட்டுக்காக..."

"அவர் நாட்டைப் பார்த்துக்கட்டும். அவங்கப்பாவை நீங்க பத்து நிமிசம் பாருங்க. ஆஸ்பத்திரி அந்தத் தெருமுனை தாண்டித்தான்!"

அதற்குள் பேனரை இரண்டு பேர் சுருட்டிவிட்டார்கள்.

"சரி, மேலயாவது ஏத்தி விட்டுட்டுப் போங்க."

தூக்கியவர்களில் ஒருவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டான். "இறக்குறதுக்குள்ளயே பிடிச்சுக்கிச்சு." மற்றவர்கள் வண்டியில் ஏறியிருந்தார்கள். செயலாளர் மட்டும் தயங்கினார். "தப்பா நினைக்காதீங்க. நாற்காலி அடுத்த வீட்டுக்கு வேணும்."

இரண்டு பேர் இறங்கி வந்து, கிழவரைப் பக்குவமாகத் தூக்கி முதல் படியில் உட்காரவைத்தார்கள்.

"சௌகரியமா இருக்கா பெரியவரே?"

"ஜில்லுனு இருக்கு," என்றார்.

வேன் போய்விட்டது. அவள் மூன்று கார்க்காரர்களுக்குப் போன் செய்தாள். முதல் இரண்டு பேரும் கால் மடங்காது என்றதுமே வைத்துவிட்டார்கள். மூன்றாமவன் வருவதாகச் சொன்னான். வந்து, கிழவரின் காலையும் தன் சீட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான். பன்னிரண்டே கால்.

"நீ வேலைக்குக் கிளம்பும்மா."

"உங்களை இங்க வாசல்ல உக்கார வச்சிட்டா?"

கிழவர் பூங்கொத்தை ஓரமாக வைத்தார். இரண்டு உள்ளங்கைகளையும் பின்னால் மேல்படியில் ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு உடம்பைத் தூக்கினார். ஒரு படி ஏறியது. அவள் ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அவர் குதிகாலை மார்போடு சேர்த்து அணைத்துப் பிடித்தாள்.

மாடியிலிருந்து பையோடு இறங்கிய பக்கத்து வீட்டுக்காரி, சுவரோடு ஒட்டி வழிவிட்டாள். "என்னக்கா விசேஷம்? காலையில ஒரே கூட்டமா இருந்துச்சே?"

கிழவர் மறுபடி கைகளை ஊன்றினார். மருமகளும் ஒரு படி ஏறினாள். மாவுக்கட்டின் வெள்ளைப் பொடி அவள் புடவையெல்லாம் உதிர்ந்தது.