ஓவன் முகத்தில் கறுப்பு டேப்

சின்னவள் ஓவன் கதவைத் திறந்து கையை உள்ளே நீட்டிப் பார்த்தாள். விளக்கு ஜோராக எரிந்தது, விசிறி சுற்றியது, சூடு மட்டும் பேருக்குக்கூட இல்லை. குமிழைத் திருப்பி இருபது நிமிஷம் ஆகிவிட்டது. மணி இரண்டு. நாலு மணிக்கு அக்கா வருகிறாள்.

வேறு யாராவது வருவதாக இருந்தால் பிஸ்கட்டை வைத்துச் சமாளித்திருப்பாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் சின்னவள் முதன்முதலாகச் செய்த கேக்கை, வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது, கத்தியால் டொக் டொக்கென்று தட்டி, "இதை வச்சு சுவர் கட்டலாம்டி" என்றவள் இந்த அக்காதான். எல்லோரும் சிரித்தார்கள். அதோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது. அக்காவுக்கு வாய்க்கொழுப்பு என்றால் தங்கைக்கு வீம்பு. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள், சளைப்பார்களா என்ன? அப்பேர்ப்பட்ட அக்கா நேற்றுத் தானாகவே போன் பண்ணி, "நாளைக்கு வர்றேன். கேக் செஞ்சு வை" என்றாள். சின்னவளுக்கு ராத்திரியெல்லாம் தலைகால் புரியவில்லை.

"ஏங்க, கொஞ்சம் இங்க வாங்களேன்!"

புருஷன் லிஃப்ட் மெக்கானிக். ஊரான் கட்டடத்தில் லிஃப்ட் நின்றால் பறந்து போவார்; சொந்த வீட்டுக் குழாய் சொட்டுவது மட்டும் அவர் காதில் விழாது. இன்று அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, மறுபேச்சுப் பேசாமல் ஓவனை இழுத்துப் போட்டார். பிளக்கைப் பிடுங்கி, பின்தகட்டைக் கழற்றி, மீட்டரை வைத்து, சூடு தரும் காயிலைச் சோதித்தார்.

"காயில் நல்லாருக்கு. வயரும் நல்லாருக்கு."

"எல்லாம் நல்லாருந்தா ஏன் சூடாகல?"

"அதான் எனக்கும் புரியல."

"நல்லா இருக்கு போங்க! உங்களை நம்பி அத்தனை பேர் மாடி ஏறுறாங்களே, அவங்களைச் சொல்லணும்."

மூன்று மணிக்கே வாசல் மணி அடித்தது. அக்கா!

மேஜையில் சலித்த மாவு, உடைக்காத முட்டை. தரையில் இறைந்து கிடக்கும் ஸ்க்ரூக்கள், நடுவில் சம்மணம் போட்ட புருஷன். சின்னவளுக்கு அழுகை முட்டியது. இன்னொரு சுவர் பேச்சு வரப்போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"ஓவன் சூடாகலக்கா."

அக்கா பையை வைத்துவிட்டு ஓவன் முன்னால் குனிந்தாள். முகப்பில் ஒட்டியிருந்த கறுப்பு டேப்பைத் தொட்டாள்.

"இது என்ன மாப்பிள்ளை?"

"முந்தாநாள் ஸ்விட்ச் மாத்த மெயினை அணைச்சேன் அண்ணி. அப்புறம் ஓவன்ல இருக்கிற கடிகாரம் விடாம கண்ணடிச்சுது. இவளுக்கு எரிச்சல். லிஃப்ட்ல வீணா எரியுற லைட்டுக்கு ஒட்டுற மாதிரி ஒட்டிட்டேன்."

"நான்தான்க்கா ஒட்டச் சொன்னேன்," என்றாள் சின்னவள்.

"நல்ல ஜோடி! தகட்டை மூடி பிளக்கைச் சொருகுங்க."

அவர் சொருகியதும் அக்கா டேப்பை உரித்தாள். நான்கு சைபர்கள் மின்னி மின்னி அணைந்தன. "என்கிட்டயும் இதே ஓவன்தான். கரண்ட் போய் வந்தா மணி வைக்கணும். வைக்கலன்னா லைட் எரியும், விசிறி சுத்தும், சூடு வராது." இரண்டு பட்டன்களை அழுத்தி மூன்று பத்து என்று வைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் கதவைத் திறந்தால் சூடு முகத்தில் அடித்தது. புருஷன் மீட்டரை எடுத்துக்கொண்டு ஓசைப்படாமல் நழுவினார்.

"உன்கிட்ட எப்பக்கா ஓவன்?"

அக்கா முட்டையை உடைத்துக்கொண்டே சொன்னாள்: "உன்னைக் கேலி பண்ணிட்டுப் போய் நானும் ஒண்ணு வாங்கினேன். இன்னிக்கு வரைக்கும் கேக் வரலடி. ஒவ்வொண்ணும் கல்லு. உன் கேக் இப்ப பஞ்சு மாதிரி இருக்குன்னு கேள்விப்பட்டேன். நீ எப்படிச் செய்யுறேன்னு பாக்கத்தான் முன்னாடியே வந்தேன்."

சின்னவள் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். கேக் வேகும் முக்கால் மணி நேரமும் இருவரும் ஓவன் முன்னால் தரையில் உட்கார்ந்து, இரண்டு வருஷப் பேச்சைப் பேசித் தீர்த்தார்கள்.

கேக் ஆறியதும் அக்கா கத்தியை வைத்தாள். அது சத்தமில்லாமல் இறங்கியது.

"சுவர் கட்ட முடியாதுடி," என்று வாய் நிறையக் கேக்கோடு சொல்லித் தட்டை மறுபடி நீட்டினாள்.